கான்டுஸ் ஆர்க்டிகுஸ்ல பறவைங்க பின்னணி இல்ல, அதுங்கதான் சோலோ

ஃபின்லாந்து கம்போசர் ரௌதவாராவோட கான்டுஸ் ஆர்க்டிகுஸ், அதான் டேப்புல பதிவு பண்ணின பறவைக் குரலும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வர்ற இசை, கேட்டேன், அழகா இருக்கு, ஆனா தூங்கறதுக்கு போட்டுக்கற காட்டு சத்தத்து மேல கொஞ்சம் வயலின் வாசிச்ச மாதிரிதானே இருக்கு, இதுல கம்போசர் பெருசா என்ன பண்ணிட்டாரு, இத ஏன் கச்சேரியில இவ்வளவு மரியாதையா வாசிக்கறாங்கன்னு கேட்டிருக்கீங்க. கேக்க வேண்டிய கேள்விதான். எனக்கும் முதல் தடவ அப்படித்தான் தோணுச்சு, அப்ப ஃபோன் ஸ்பீக்கர்ல போட்டுட்டு வேற வேலை பாத்துட்டு கேட்டேன், பறவை சத்தம் ஒரு பக்கம் மியூசிக் ஒரு பக்கம் தனித்தனியா ஓடுற மாதிரி இருந்துச்சு. அப்புறம் ஒரு ராத்திரி ஹெட்ஃபோன் மாட்டி லைட்ட அணைச்சுட்டு முதல்லருந்து கடைசி வரைக்கும் கேட்டேன், மொத்தமே 18 நிமிஷம் பக்கம்தான், அன்னைக்கு தான் புரிஞ்சுது இதுல பறவைங்க பின்னாடி இல்ல, முன்னாடி நிக்குது, ஆர்கெஸ்ட்ராதான் பின்னாடி நின்னு கேட்டுட்டு இருக்கு. இதுக்கு அப்புறம் நான் சொல்லப்போறது எல்லாமே இந்த ஒரு விஷயத்த விளக்கறதுக்குத்தான்.

முதல்ல ஆளப் பத்தி கொஞ்சம் சொல்லிடறேன். ஐனோயுஹானி ரௌதவாரா 1928ல ஹெல்சின்கியில பொறந்தவரு, 2016ல அதே ஊர்ல இறந்தாரு. அப்பா ஓபரா பாடகர், அம்மா டாக்டர், ரெண்டு பேரையும் சின்ன வயசுலயே இழந்துட்டாரு. சிபேலியுஸ் அகாதமியில படிச்சாரு. 1955ல ஃபின்லாந்தோட பெரிய கம்போசர் சிபேலியுஸோட 90வது பிறந்தநாள் வந்தப்ப, அமெரிக்காவுல இருக்கற கூசெவிட்ஸ்கி ஃபவுண்டேஷன் ஒரு ஸ்காலர்ஷிப் குடுத்து உங்க நாட்டு இளம் கம்போசர் ஒருத்தர நீங்களே சொல்லுங்கன்னு அந்தப் பெரியவர்கிட்டயே கேட்டாங்க, அவரு கை காட்டினது ரௌதவாராவ. அப்படித்தான் அமெரிக்காவுக்குப் போயி ஜூலியார்ட் இசைப் பள்ளியில பெர்சிகெட்டிகிட்டயும் டாங்கிள்வுட்ல கோப்லாண்ட், செஷன்ஸ்ங்கற கம்போசர்கள்கிட்டயும் படிச்சாரு. திரும்பி வந்தப்புறம் அந்தக் காலத்து ஃபேஷனான பன்னிரண்டு சுர முறையில, அதாவது பன்னிரண்டு சுரத்தையும் முன்கூட்டியே ஒரு வரிசையில அடுக்கி அந்தக் கணக்குப்படி எழுதற முறையில, ரொம்ப இறுக்கமா எழுதினாரு, 1962ல வந்த நாலாவது சிம்ஃபனி அரபெஸ்காட்டா அதோட உச்சம். அதுக்கப்புறம் அந்தக் கணக்கு அவருக்கு மூச்சு முட்ட ஆரம்பிச்சுது, 60கள் கடைசியில அதுலருந்து வெளிய வந்துட்டாரு, 1969ல எழுதின முதல் பியானோ கன்செர்டோவுல அந்த விடுதலை நல்லாவே தெரியும். கான்டுஸ் ஆர்க்டிகுஸ் 1972ல வந்துச்சு. எல்லாத்தையும் கணக்கு போட்டு கட்டுப்படுத்தி எழுதத் தெரிஞ்ச ஒரு மனுஷன், கட்டுப்படுத்தவே முடியாத ஒண்ண நடுவுல உக்கார வெச்சு எழுதினதுங்கறத மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி இது வேணும்.

இது எழுதின சந்தர்ப்பமும் எனக்கு ரொம்ப பிடிக்கும். வடக்கு ஃபின்லாந்துல ஔலுன்னு ஒரு ஊரு, அங்க 1958ல யூனிவர்சிட்டி ஆரம்பிச்சாங்க, 1972 அக்டோபர்ல அங்க முதல் முறையா டாக்டர் பட்டம் குடுக்கற விழா. ஃபின்லாந்துல இந்த விழாவ ரொம்ப பெருசா கொண்டாடுவாங்க, பட்டம் வாங்கறவங்களுக்கு உயரமான தொப்பியும் வாளும் உண்டு. அதுக்கு ஒரு இசை வேணும்னு இவர்கிட்ட கேட்டாங்க. வழக்கமா இதுக்கு கோரஸ், பாடகர்கள், ஆர்கெஸ்ட்ரா எல்லாம் சேர்ந்து கல்வியப் புகழ்ந்து பாடற காண்டாட்டாதான் எழுதுவாங்க. இவரு மனுஷ குரல மொத்தமா எடுத்துட்டு அந்த இடத்துல அந்த மண்ணோட பறவைங்களப் பாட வெச்சுட்டாரு. ஔலுவுக்குக் கொஞ்சம் தெற்க லிமின்கான்னு ஒரு இடம் இருக்கு, கடலோரமா பெரிய சதுப்பு நிலம், பறவைங்களுக்கு பேர் போன இடம். அங்கயும் ஆர்க்டிக் வட்டத்துப் பக்கத்துலயும் பதிவு பண்ணின குரல்கள்தான் அந்த டேப்புல இருக்கு. விழாவுல உக்காந்திருந்தவங்களுக்கு அது எங்கயோ இருக்கற இயற்கை இல்ல, அவங்க ஊரு எல்லையில வருஷா வருஷம் கேக்கற சத்தம்.

இதுக்கு அவரு குடுத்த இன்னொரு பேரு பறவைகளுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்குமான கன்செர்டோ. இந்த வார்த்தைய லேசா தாண்டிப் போயிடக்கூடாது. கன்செர்டோன்னா ஒரு சோலோ ஆளு, எதிர்ல முழு ஆர்கெஸ்ட்ரா, ரெண்டும் பேசிக்கணும், சண்டை போடணும், வழி விடணும். பியானோவோ வயலினோ சோலோ வாசிச்சா அவங்களும் ஆர்கெஸ்ட்ராவ நடத்தற கண்டக்டரப் பாப்பாங்க, கண்டக்டரும் அவங்களப் பாப்பாரு. இங்க சோலோ வாசிக்கறவரு யாரையும் பாக்க மாட்டாரு. டேப் ஓட ஆரம்பிச்சா ஓடிட்டே இருக்கும், எந்த இடத்துல டேப் வரணும்னு ஸ்கோர்ல, அதாவது எழுதின இசைத்தாள்ல, குறிச்சிருக்கு, ஆனா உள்ள அந்தப் பறவை எப்ப கூப்பிடும் எப்ப நிறுத்தும்ங்கறத யாரும் கை அசைச்சு மாத்த முடியாது. அதனால காத்திருக்க வேண்டியது மனுஷங்கதான். நல்ல கண்டக்டர் கையில இத கேட்டா அந்தக் காத்திருப்பு காதுல விழும், ஒரு வரிய வாசிச்சு முடிச்சுட்டு, அடுத்தத உடனே ஆரம்பிக்காம, பறவை என்ன சொல்லுதுன்னு ஒரு மூச்சு நின்னு கேட்டுட்டு அப்புறம் தொடருவாங்க.

பறவை சத்தம் மேற்கத்திய இசைக்கு புதுசு ஒண்ணும் இல்லன்னு நீங்க சொல்லலாம், உண்மைதான். 1924லயே இத்தாலி கம்போசர் ரெஸ்பிகி பைன்ஸ் ஆஃப் ரோம்ல ஒரு நைட்டிங்கேல் ரெக்கார்ட மேடையில ஓட விட்டாரு, ஆனா அது ஒரு மூவ்மென்ட், அதாவது இசையோட ஒரு பகுதி, முடியறப்ப நிலா வெளிச்சத்துல ஒரு நிமிஷம் வந்துட்டு போற விருந்தாளி. பிரெஞ்சு கம்போசர் மெஸ்ஸியான் காட்டுக்கும் மேட்டுக்கும் போய் உக்காந்து பறவை பாடறத நோட்டுல எழுதி பியானோவுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் மாத்தினாரு, அது பெரிய சாதனை, ஆனா கடைசியில நம்ம காதுல விழறது பியானோ. இதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி 1970ல அமெரிக்காவுல ஹோவானெஸ்ங்கற கம்போசர் திமிங்கல ரெக்கார்டிங்க ஆர்கெஸ்ட்ராவோட சேத்தாரு. ரௌதவாரா செஞ்சதுல வித்தியாசம் என்னன்னா மூணு மூவ்மென்ட்லயும் மனுஷனுக்கும் பறவைக்கும் நடுவுல இருக்கற தூரத்த மாத்திட்டே போறாரு. அதுதான் இந்த இசையோட கதை, வேற கதை கிடையாது.

முதல் மூவ்மென்ட் பேரு சுவோ, ஃபின்னிஷ்ல சதுப்புன்னு அர்த்தம். ஆரம்பத்துல பறவையே கிடையாது, ரெண்டு புல்லாங்குழல் மட்டும். ரெண்டும் ஒண்ண ஒண்ணு சுத்தி வளைஞ்சு நெளிஞ்சு போகும், எங்கயும் கால் ஊனாது, பனிமூட்டத்துல ரெண்டு கொடி பின்னிக்கிட்டே போற மாதிரி. ஸ்கோர்ல அந்த இடத்துல வாசிக்கறவங்களுக்கு ஒரு குறிப்பு இருக்கு, இலையுதிர் காலத்தையும் ரஷ்ய கம்போசர் சாய்கோவ்ஸ்கியையும் நெனச்சுக்கோங்கன்னு. வேகம் இவ்வளவு சத்தம் இவ்வளவுன்னு எழுதற இடத்துல இப்படி ஒரு வரி எழுதினது எனக்கு இப்பவும் ஆச்சரியம். ஏன்னா கொஞ்ச நேரத்துல மத்த காத்து வாத்தியங்க ஒண்ணொண்ணா சேரும், கூடவே டேப்புல சதுப்புப் பறவைங்க வரும், அந்தப் பறவைங்க வசந்த காலத்துப் பறவைங்க, இணை தேடி கூப்பிடற குரல்கள். அதாவது மனுஷன் இலையுதிர் காலத்துல இருக்கான், பறவை வசந்தத்துல இருக்கு, ரெண்டும் ஒரே சமயத்துல கேக்குது. இந்த மூவ்மென்ட்ல இருக்கற அந்த சொல்லத் தெரியாத ஏக்கம் எங்கருந்து வருதுன்னு ரொம்ப நாளா யோசிச்சேன், இங்கருந்துதான்னு நெனைக்கறேன்.

இந்த இடத்துல குழலுக்கும் நிஜப் பறவைக்கும் உள்ள கோடு அழிய ஆரம்பிக்கும். ஓபோவா, கிளாரினெட்டா, இல்ல டேப்பான்னு ஒரு செகண்ட் தடுமாறுவீங்க, கண்ண மூடிட்டு கேட்டா இன்னும் அதிகமா தடுமாறுவீங்க. வாத்தியக்காரங்க பறவைய அப்படியே மிமிக்ரி பண்ணல, பறவை பேசற மாதிரி சின்னச் சின்ன துண்டா, ஒரே துண்ட திரும்பத் திரும்ப, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாத்தி பேசறாங்க. அப்புறம் தான் ஸ்ட்ரிங்ஸ் வருது, செல்லோவும் வயலினும் எல்லாம் சேர்ந்து அகலமா, நிதானமா ஒரு மெலடி. அத ரௌதவாராவே அந்தக் காட்டு வெளியில நடந்து போற ஒரு மனுஷனோட குரலா, மனநிலையா எடுத்துக்கலாம்னு சொல்லியிருக்காரு. அந்த மெலடிக்கு கீழ இருக்கறது நமக்கு பழகின மேஜர் மைனர் கார்ட் மாதிரிதான் கேக்கும், ஆனா எந்த ஒரு கீயிலயும், அதாவது ஆதார சுரத்துலயும், வீடு கட்டி உக்காராது, ஒரு கார்ட்லருந்து பக்கத்து கார்டுக்கு அப்படியே வழுக்கிப் போகும். அதனாலதான் கேக்க இனிமையா இருந்தும் காலுக்கு கீழ நிலம் கொஞ்சம் அசையற மாதிரி இருக்கு. சதுப்புல நடந்தவங்களுக்கு அது புரியும், கால வெச்சா தரை கொஞ்சம் அமுங்கித்தான் திரும்ப மேல வரும்.

ஃபின்லாந்துல ஒரு காலத்துல மொத்த நிலத்துல மூணுல ஒரு பங்கு பக்கம் சதுப்பா இருந்துச்சு, அதுல பாதிக்கு மேல கால்வாய் வெட்டி தண்ணிய வடிச்சு மரம் வளக்கற நிலமா மாத்திட்டாங்க. அது உச்சத்துல நடந்தது 1960கள்லயும் 70கள்லயும். இவரு இத எதிர்ப்பு இசையா எழுதினாருன்னு நான் சொல்ல வரல. ஆனா அந்த டேப்புல பதிவான குரல்கள் அந்த வருஷங்களோட குரல்கள்னு தெரிஞ்சப்புறம் எனக்கு அத வெறும் அழகான சத்தமா கேக்க முடியல.

ரெண்டாவது மூவ்மென்ட் மெலன்கோலியா, இங்கதான் கம்போசர் என்ன பண்ணினாருங்கற உங்க கேள்விக்கு நேரான பதில் இருக்கு. இதுல வர்ற பறவை ஷோர் லார்க், வானம்பாடி இனம், வடக்கு ஃபின்லாந்துல மரம் இல்லாத மொட்டை மேட்டு நிலத்துல இருக்கும். நிஜத்துல அது பாடறது உச்ச ஸ்தாயியில சின்னதா கிணுகிணுன்னு ஓடற பாட்டு, காது குடுத்து கேட்டாத்தான் விவரம் தெரியும். ரௌதவாரா அத ரெண்டு ஸ்தாயி கீழ எறக்கிட்டாரு. டேப் வேகத்த பாதியாக்கினா சத்தம் ஒரு ஸ்தாயி எறங்கும், அதையும் பாதியாக்கி கால் வேகத்துல ஓட விட்டா ரெண்டு ஸ்தாயி எறங்கும், கூடவே நேரமும் நாலு மடங்கு இழுபடும், ஒரு செகண்ட்ல கிறீச்னு போற ஒரு சுழிப்பு நாலு செகண்ட் ஆகும். விளைவு என்னன்னா, அந்தச் சின்னப் பறவை ரொம்ப பெருசா, வயசானதா, எங்கயோ தூரத்துலருந்து தனியா கூப்பிடற மாதிரி மாறிடுது. அவரு அதுக்கு வெச்ச பேரு பேய்ப் பறவை. ஆனா பயமுறுத்தாது, போனவங்களோட குரல் கனவுல கேட்டா எப்படி இருக்குமோ அந்த மாதிரி இருக்கும். வேகத்த குறைச்சதால இன்னொண்ணும் நடக்குது, சாதாரணமா நம்ம காது பிடிக்க முடியாத வேகத்துல ஓடிப் போற நெளிவுகள் எல்லாம் இப்ப விரிஞ்சு தெரியுது. துரிதத்துல பாடின பிர்காவ விளம்ப காலத்துல பிரிச்சு கேக்கற மாதிரி, அது வெறும் கிறீச் இல்ல, உள்ள ஒரு முழு வாக்கியம் இருந்திருக்குன்னு அப்பத்தான் தெரியுது.

முதல்ல கொஞ்ச நேரம் அந்தப் பறவை தனியா இருக்கும், அப்புறம் ஸ்ட்ரிங்ஸ் ரொம்ப மெதுவா, மேலருந்து கீழ எறங்கற மூச்சு மாதிரி வந்து கூட நிக்கும். இங்க பதில் சொல்ல முயற்சி பண்ணல, பறவைய மாதிரி பேசவும் பாக்கல, துக்க வீட்டுல பக்கத்துல வந்து சும்மா உக்காருவாங்களே, அந்த மாதிரி உக்காந்திருக்கு. மூணுல இதுதான் சின்னது, நெறைய பேரு மூணாவதுக்கு காத்திருந்து இத தாண்டிடறாங்க, என்னோட கணக்குல இதுதான் இந்த இசையோட நெஞ்சு. முதல் மூவ்மென்ட்ல பறவை இருந்தபடி இருந்துச்சு, இங்க அது மனுஷனோட ஞாபகத்துக்குள்ள போயி மாறி வந்திருக்கு. இயற்கை சத்தம் போடற சிடியில இந்த வேலை நடக்காது, அங்க பறவைக்கு எதுவும் ஆகறதில்ல.

மூணாவது யௌட்செனெத் மூட்டவத், அன்னங்கள் இடம் பெயர்கின்றன. அன்னம்னு சொன்னதும் நமக்கு நடை ஞாபகம் வரும், தாமரைக் குளமும் தூது போறதும் ஞாபகம் வரும். அதெல்லாம் கொஞ்சம் ஒதுக்கி வெச்சுட்டு கேக்கணும். இது ஹூப்பர் ஸ்வான், ஃபின்னிஷ்ல பாடும் அன்னம்னே பேரு, கத்தறது எக்காளம் ஊதற மாதிரி கணீர்னு கேக்கும், கூட்டமா பறந்தா வானமே ஊதற மாதிரி இருக்கும். ஒரு காலத்துல வேட்டையாடி அழிஞ்சு போற நிலைமைக்கு வந்துச்சு, 1934ல சட்டம் போட்டு பாதுகாத்தாங்க, மெதுவா திரும்ப பெருகுச்சு, 1981ல தேசியப் பறவை ஆச்சு. ஃபின்லாந்தோட ஒரு யூரோ நாணயத்துல ஏரிக்கு மேல பறக்கற ரெண்டு பறவை இருக்கும், அது இதுதான். அந்த நாட்டு இசையிலயும் இதுக்கு பெரிய எடம் உண்டு. 1915 ஏப்ரல் 21 அன்னைக்கு சிபேலியுஸ் வீட்டுக்கிட்ட 16 அன்னம் பறந்து போறதப் பாத்துட்டு, வாழ்க்கையில பெரிய அனுபவங்கள்ல ஒண்ணுன்னு டைரியில எழுதி வெச்சாரு, அவரோட அஞ்சாவது சிம்ஃபனியில கடைசி மூவ்மென்ட்ல ஹார்ன்ஸ்ங்கற பித்தளை ஊது வாத்தியங்க ஊஞ்சல் மாதிரி ஆடிட்டே வாசிக்கற அந்த தீம் அதோட சேந்ததுதான். சிபேலியுஸ் அன்னத்த ஹார்னா மாத்தினாரு. அவரே கை காட்டின பையன் அம்பத்தேழு வருஷம் கழிச்சு அன்னத்தையே கூட்டிட்டு வந்து ஹார்ன் பக்கத்துல நிறுத்தினான்.

இந்த மூவ்மென்ட்ல ரௌதவாரா எடுத்த முடிவு தான் எனக்கு ரொம்ப முக்கியமா படுது. ஆர்கெஸ்ட்ராவ நாலு குழுவா பிரிச்சிட்டாரு. நாலும் அதது போக்குல வாசிக்கும், ஒரு குழுவுக்கும் இன்னொண்ணுக்கும் தாளம் ஒத்துப் போகணும்னு கட்டாயம் இல்ல. என்ன வாசிக்கணும்ங்கறது எழுதியிருக்கு, எந்த நொடியில எது எது மேல விழும்ங்கறது எழுதல. இத அலியடாரிக்னு சொல்லுவாங்க, கொஞ்சம் தற்செயலுக்கு விட்டு வைக்கறது. ஏன் இப்படி பண்ணினாருன்னு ஒரு பறவைக் கூட்டம் பறக்கறத பாத்தா புரிஞ்சிடும். ஒவ்வொண்ணும் அதது சிறகடிப்புல போகுது, யாரும் தாளம் போடல, ஆனா கூட்டம் ஒண்ணா ஒரே திசையில நகருது. ஆர்கெஸ்ட்ரா இங்க பறவைய மாதிரி சத்தம் போடறத தாண்டி பறவை நகர்ற மாதிரி நகர ஆரம்பிச்சிடுச்சு. நான் முன்னாடி சொன்னேனே, எல்லாத்தையும் கணக்கு போட்டு கட்டுப்படுத்தின ஆளுன்னு, அவரு கையிலருந்து கயித்த விட்டது இந்த இடத்துல. அதுவும் சும்மா விடல, எந்தெந்த சுரங்கள் கலந்தாலும் கரகரன்னு கேக்காத மாதிரி தேர்ந்தெடுத்துக் குடுத்துட்டு அப்புறம்தான் விட்டாரு. அதனாலதான் நாலு குழு நாலு வேகத்துல போனாலும் குழப்பமா இல்லாம மினுமினுன்னு ஒரே பரப்பா கேக்குது, ஹார்ப்பும், மணி மாதிரி ஒலிக்கற செலஸ்டாவும் அதுல தண்ணி மேல வெயில் பட்டு தெறிக்கற மாதிரி.

அதுக்கு மேல ஒரு நீளமான மெலடி மெல்ல மெல்ல எழும்பும், அவசரமே இல்லாம. டேப்புல அன்னங்களோட எண்ணிக்கையும் ஏறிட்டே போகும், அந்தக் குரல்கள ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கியிருக்காரு, முதல்ல சிலது, அப்புறம் ஒரு கூட்டம், அப்புறம் எண்ண முடியாத கூட்டம். ஆர்கெஸ்ட்ராவும் ஏறும், டேப்பும் ஏறும், ஒரு கட்டத்துல எது பித்தளை வாத்தியம் எது அன்னம்னு பிரிக்கவே முடியாது. ஃபோன் ஸ்பீக்கர்ல இந்த உச்சம் வெறும் இரைச்சலாத்தான் வரும், அதனாலதான் உங்களுக்கு காட்டு சத்தத்துக்கு மேல வயலின்னு பட்டிருக்கும்னு சந்தேகப்படறேன். நல்ல ஸ்பீக்கர்ல, இல்லன்னா சுமாரான ஹெட்ஃபோன்லயாவது கேளுங்க. முதல் மூவ்மென்ட்ல ரெண்டு குழல் தெளிவா கேக்கற அளவுக்கு வால்யூம் வெச்சுட்டு அதுக்கப்புறம் தொடாதீங்க.

இனிமையா இருக்கறதால இத லேசான இசைன்னு சில பேரு ஒதுக்கறாங்க, அது எனக்கு ஒத்துக்கல. பன்னிரண்டு சுர முறையில அவ்வளவு கஷ்டமானத எழுதிட்டு வந்த ஆளுக்கு இனிமையா எழுதறது எளிய வழியா இருந்திருக்காது, அந்தக் காலத்து புதுமை விரும்பிகள் நடுவுல அதுதான் தைரியம் வேண்டிய வேலை. பின்னாடி 1994ல வந்த ஏழாவது சிம்ஃபனி, ஏஞ்சல் ஆஃப் லைட், அவர உலகம் பூரா கொண்டு போச்சு, அதுல இருக்கற அந்த நிதானமான, வானம் அகலத்துக்கு விரியற ஸ்ட்ரிங்ஸோட விதை எல்லாம் இந்த 18 நிமிஷத்துலயே இருக்கு.

எந்த ரெக்கார்டிங் கேக்கலாம்னா, நாக்ஸோஸ் கம்பெனியில ஹன்னு லிண்டு கண்டக்ட் பண்ணி ராயல் ஸ்காட்டிஷ் நேஷனல் ஆர்கெஸ்ட்ரா வாசிச்சது சுலபமா கிடைக்கும், அதே ஆல்பத்துல நான் சொன்ன முதல் பியானோ கன்செர்டோவும் மூணாவது சிம்ஃபனியும் இருக்கு, அதனால புதுசா வர்றவங்களுக்கு அதையே சொல்லுவேன். பிஸ் கம்பெனியில ஓஸ்மோ வான்ஸ்காவும் லஹ்தி சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவும் பண்ணினது இன்னும் அமைதியா, மெல்லிய இடங்கள்ல ரொம்ப மெல்லிசா போகும், அந்த ஆல்பத்துல ஏஞ்சல் ஆஃப் லைட்டும் இருக்கு. எனக்கு மனசு இதுல தான், காரணம் கடைசி ரெண்டு நிமிஷம்.

அந்தக் கடைசி ரெண்டு நிமிஷம்தான் நீங்க கவனிக்க வேண்டியது. உச்சத்துக்கு போனது முடிவுன்னு எதையும் அடிச்சு முடிக்காது. ஆர்கெஸ்ட்ரா ஒவ்வொரு குழுவா மெலிஞ்சு போகும், அன்னங்களோட குரல் தூரமாயிட்டே போகும், நமக்குத்தான் ஏதோ சரியா கேக்கலன்னு தோணி கை தன்னால வால்யூம ஏத்தப் போகும். ஏத்தாதீங்க. அதுங்க நெஜமாவே போயிட்டு இருக்கு, நீங்க கரையில நின்னுட்டு இருக்கீங்க, கேக்கற வரைக்கும் கேளுங்க.